அம்மா கேட்ட பிரெஞ்சு

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. 'பொன்ழூர்', 'மெர்சி' இரண்டும் வரும். அந்த இரண்டும் வராதவர்கள் அன்றைய புதுச்சேரியில் குறைவு. தமிழ்ப் படிப்பே நாலாம் வகுப்போடு நின்றுபோனதுதான். ஆனால் எனக்கும் தம்பிக்கும் பிரெஞ்சு வாசிக்கப் பழக்கியது அம்மாதான். இதைச் சொன்னால், இன்று என்னிடம் பிள்ளைகளை அழைத்துவரும் இளம் தாய்மார்கள் தாயைப் பற்றிய மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள். நான் சொல்வது சொல்லுக்குச் சொல் உண்மை. அது எப்படி நடந்தது என்று எழுதிவைக்க வேண்டுமென நெடுநாளாக எண்ணம்.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். யாராவது வழி கேட்டாலும் 'சொல்தா வீடு' என்றுதான் எங்கள் வீட்டுக்கு அடையாளம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் சட்டப்படி அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. எங்கள் வீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். காகிதத்தில் நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள். வீட்டுக்குள் பேச்சும் கோபமும் தாலாட்டும் தமிழ். இப்படிப்பட்ட வீடுகள் புதுச்சேரியில் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பிள்ளை பிரெஞ்சில் படிக்கும். அப்பா பாதி நாள் கடலுக்கு அப்பால். மாலையில் பாடப் புத்தகத்தோடு உட்காரும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது பிரெஞ்சு தெரியாத ஒரு பெண்.

ஊரார் 'லிசே' என்று அழைக்கும் பிரெஞ்சுப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். 1826-இல் தொடங்கிய பள்ளி அது. மழலை வகுப்பு முடிந்து 'செ.பே.' என்ற முதல் வகுப்பு வந்ததும் வாசிப்பு ஆரம்பமாகிவிடும். 'பே, ஆ, பா' என்று எழுத்துக் கூட்டி, சத்தமாக, தினமும். மறுநாள் ஆசிரியை, எங்களுக்கு 'மதாம்', கூப்பிட்டால் எழுந்து நின்று ஒரு பத்தி தடங்கலில்லாமல் வாசிக்க வேண்டும்.

அம்மாவுக்கு அடுக்களையில் வேலை ஓயாது. அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பார்; எதிரே மணைப்பலகையில் நான். "ம், படி" என்பார். படிப்பேன். அம்மா தலை நிமிர்வதில்லை. மீனின் தலையைக் கிள்ளும் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று விரல் நிற்கும். "அங்க ஏன் நின்ன?" நான் நின்றது எனக்கே தெரிந்திருக்காது. ஒரு கடினமான சொல்லைக் கண்டு, அதை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவியிருப்பேன். பொருள் தெரியாதவருக்குத்தான் அந்தத் தாவல் அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன். பிரெஞ்சு தெரிந்த அப்பா விடுமுறையில் வந்தபோது அருகில் உட்கார்ந்து கேட்பார். அவர் மனம் விடுபட்ட சொல்லைத் தானே நிரப்பிக்கொண்டு போய்விடும், தவறு அவர் காதில் விழாது. அம்மாவுக்கு வெறும் ஓசைதான். ஓசையில் மேடு பள்ளம் வந்தால் பிடித்துவிடுவார்.

இன்னொன்றும் செய்வார். அதே பத்தியை மறுநாள் படித்தால், "நேத்து வேற மாதிரி சொன்னியே?" என்பார். இரண்டில் எது சரி என்று அவருக்குத் தெரியாது. இரண்டும் சரியாக இருக்க முடியாது என்று தெரியும். நான்தான் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் எழுத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். முடிவு எட்டாவிட்டால், அந்த வரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி. பள்ளியில் மதாமிடம் கேட்டுவர வேண்டிய புள்ளி அது. மாலையில் வந்ததும் முதல் கேள்வி, "புள்ளி என்னாச்சு?"

கடைசியில், "இப்பக் கதை சொல்லு." நான் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு வயலில் ஒரு பையன், அவனுக்கு ஒரு ஆடு, ஆடு எங்கோ போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே வருவேன். "எங்கோன்னா எங்க? புக்குல போட்டிருக்கும், பாரு." மறுபடி வாசிப்பு. உச்சரிப்பில் அழகாக ஓடிவிட்டு அர்த்தம் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளை ஆசிரியராக இருந்த காலத்தில் நிறையப் பார்த்தேன். அம்மாவிடம் அந்த ஏமாற்று வேலை நடந்ததில்லை.

கடற்கரைக்குப் போய்த் திரும்பும் மாலைகளில் வேறொரு பாடம் நடக்கும். கடலிலிருந்து உள்ளே வர வர துய்மா வீதி, ரொமேன் ரொலான் வீதி, சுய்ஃப்ரேன் வீதி என்று வரிசையாக வரும். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. தமிழிலும் பிரெஞ்சிலும் தெருப்பெயர். பிரெஞ்சை நான் படிக்க வேண்டும், தமிழை அம்மா படிப்பார். 1735 முதல் 1741 வரை கவர்னராக இருந்த துய்மாவின் பெயர் பிரெஞ்சில் எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' வைத்துக்கொண்டு முடிகிறது. நான் 'துய்மாஸ்' என்பேன். "தமிழ்ல 'ஸ்' இல்லையே" என்பார் அம்மா. பிரெஞ்சுச் சொல்லின் வாலில் நிற்கும் மெய்யெழுத்துகளில் பல வாய் திறப்பதில்லை என்ற பெரிய விதியை நான் கற்றது அந்தத் தெருமுனையில்தான். இரண்டு மொழிப் பலகை என்பது ஒப்பந்தம் விட்டுச்சென்ற வழக்கம்: மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு தாயின் கையில் அது விடைத்தாளாகவும் இருந்தது.

படிப்பு விளையாட்டில்லை என்று எனக்குப் புரியவைத்தவை கடிதங்கள். அப்பா தமிழில் எழுதுவார். அதை அம்மாவே படித்துக்கொள்வார். ஆனால் அலுவலகங்களிலிருந்து வரும் உறைகள் பிரெஞ்சில்தான் இருக்கும். குடும்பப் பதிவேட்டின் நகல் வேண்டும், இந்தத் தேதிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், இவ்வளவு ஃபிராங்க் வரும். பக்கத்தில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இருந்தார்கள், கேட்டால் படித்துச் சொல்வார்கள். அம்மா கேட்கமாட்டார். வீட்டுப் பணம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. பிள்ளையைப் படிக்கவைத்ததற்குப் பிறகும் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போவதா என்பது இன்னொன்று. எட்டு வயதில் அரசாங்கக் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். பாதிச் சொற்கள் புரியாது. எண்கள்தான் முக்கியம் என்பார். பிரெஞ்சில் தொண்ணூறு என்பதை 'நாலு-இருபது-பத்து' என்றுதான் சொல்ல வேண்டும். அதை நான் அப்படியே தமிழில் சொல்ல, அம்மா விரல்விட்டு எண்ணி, "எம்பதும் பத்தும், தொண்ணூறு" என்று கூட்டிக்கொள்வார். பிறகு இன்னொருமுறை முழுக் கடிதத்தையும் படிக்கச் சொல்வார். அந்த வாசிப்பில் நான் ஒரு எழுத்தையும் விழுங்கியதில்லை.

பின்னால் பிரெஞ்சு ஆசிரியர் ஆனேன், ஓய்வும் பெற்றேன். இப்போது முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் மாலை நேரங்களில் பிள்ளைகள் வந்து உட்கார்கிறார்கள். கூடவே தாய்மார்கள், சில வீடுகளிலிருந்து பாட்டிகள். "எனக்கு பிரெஞ்சு ஒண்ணும் தெரியாதுக்கா, நான் எப்படி இதுக்குச் சொல்லித் தர்றது?" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. சொல்லித் தர வேண்டாம், கேளுங்கள் போதும் என்பேன். கைப்பேசியில் சொல்லைத் தட்டினால் உச்சரிக்கிறது, மொழிபெயர்த்தும் கொடுக்கிறது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை எங்கே நின்றது என்று அது கேட்பதில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொன்றில். வீட்டில் பிரெஞ்சிலேயே பேசிப் பழக்குங்கள் என்று இந்தத் தாய்மார்களுக்கு யாரோ அறிவுரை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். விளைவு என்ன? பிள்ளையோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், தெரிந்த பத்துப் பதினைந்து பிரெஞ்சு வாக்கியங்களுக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறாள். 'வா', 'உட்கார்', 'சாப்பிடு' இவற்றுக்கு மேல் போக முடியாமல் அந்த வீடே மௌனமாகிறது. கதை நின்றுபோகிறது, விசாரிப்பு நின்றுபோகிறது. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பையன், பாடத்தில் வந்த பனியையும் கணப்பு அடுப்பையும் எந்த மொழியிலும் யாரிடமும் கேட்காமல், ஒரு பொருளும் மனதில் உருவாகாமல், பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டிருந்தான். அந்தத் தாயிடம் நான் கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான்: மறுபடி தமிழில் பேசுங்கள், இன்றைக்கே. பனி என்றால் என்ன என்று ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டித் தமிழில் சொல்லுங்கள். இருமொழிப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இதை எழுதிவிட்டார்: தாய்மொழியில் பிள்ளைக்கு வேரூன்றியிருக்கும் ஆற்றல் இரண்டாம் மொழிக்குக் கைகொடுக்கிறது. அம்மாவின் அடுக்களையில் வளர்ந்த எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

தமிழ் வாய்க்குப் பிரெஞ்சு எட்டாது என்பதும் தவறான பயம். மூக்கொலியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மூக்கொலி உயிர்கள் வெளிநாட்டவருக்குப் பெரிய தலைவலி. நம் வீட்டுப் பேச்சில் 'வந்தான்' என்பதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்' எழுத்தில்தான் இருக்கிறது. நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதே இல்லை, உயிர் மட்டும் மூக்கு வழியாக வருகிறது. பிள்ளை அந்த ஒலியைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறது. "மேடையில பேசுற 'வந்தான்' வேணாம், அம்மா சொல்ற 'வந்தான்' சொல்லு" என்றால் உடனே பிடித்துக்கொள்ளும். அதுபோல, தனியே நிற்கும்போது வாய்மூடியிருக்கும் ஈற்று மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொண்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். 'லே' என்ற சொல்லும் 'ஆன்ஃபான்' என்ற சொல்லும் அடுத்தடுத்து வந்தால் 'லேஸான்ஃபான்'. புணர்ச்சி இலக்கணம் பிறந்த மொழியின் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பெரிய முயற்சி எதற்கு? 'மணி', 'அடித்தது' இரண்டையும் சேர்த்துச் சொல் என்றால் பிள்ளை 'மணியடித்தது' என்று நடுவில் ஓர் எழுத்தைத் தானே வரவழைக்கிறது.

உண்மையான சிக்கல் ஒலிப்பில் இருக்கிறது. ரொட்டிக்கும் குளியலுக்கும் பிரெஞ்சில் ஒரே சாயலுள்ள இரண்டு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்'தான். நம் 'ப' இரண்டு ஒலிக்கும் பொதுவான எழுத்து. அதனால்தான் பிரெஞ்சு வரிக்கு மேலே பென்சிலால் தமிழ் உச்சரிப்பை எழுதிவைக்கும் வழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. பெரும்பாலான தாய்மார்கள் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். பிள்ளையின் கண் தமிழிலேயே ஓடும். கீழே இருக்கும் பிரெஞ்சு எழுத்து வெறும் கோலமாகிவிடும். ஊமை எழுத்து எது என்று தெரிந்துகொள்ளத் தமிழ் எழுத்து உதவும், தெருப் பலகை எனக்கு உதவியதைப் போல. அதற்கு மேல் கூடாது. ரொட்டியையும் குளியலையும் பிரிக்க நான் செய்வது இது: பிள்ளையின் இரண்டு விரலைத் தொண்டையில் வைத்து 'அப்பா' சொல்லச் சொல்வேன், பிறகு 'தம்பி'. 'அப்பா'வின் நடுவில் தொண்டை ஒரு நொடி அமைதியாகிறது; 'தம்பி'யின் நடுவில் அதிர்வு விடுவதில்லை. "அப்பாவோட 'ப' போட்டா ரொட்டி, தம்பியோட 'பி'யில வர்றதைப் போட்டா குளியல்." பிள்ளைகள் கண்ணை அகல விரித்துத் தொண்டையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் தாயும் தன் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பாள். அன்றிலிருந்து வீட்டில் அவளே அதைச் செய்யலாம்.

ஊமை எழுத்துகளுக்குச் சாதாரண பென்சில் போதும். புதுப் பத்தி வந்ததும் பிள்ளையும் நானும் சேர்ந்து, ஒலிக்காத எழுத்துகளின்மேல் மெல்லியதாகச் சாம்பல் தீட்டுவோம். பன்மை வினைச்சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் அநேகமாக எப்போதும் சாம்பலாகும்; ஆனால் அதே மூன்று எழுத்து ஒரு பெயர்ச்சொல்லின் முடிவில் வந்தால் ஒலிக்கும். எது வினை என்று தெரியாமல் வாசிக்கவே முடியாத மொழி இது. அடுத்த மாதம் ரப்பரால் சாம்பலை அழித்துவிட்டு அதே பத்தியை மறுபடி வாசிப்போம். பிள்ளை திணறினால் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அவர்களிடம், 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் ஆண்டு வாசிப்பை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வைச் சொல்வேன். ஃபின்லாந்து, இத்தாலிப் பிள்ளைகள் ஓராண்டில் அநேகமாகப் பிழையின்றி வாசித்துவிட்டார்கள். பிரான்ஸ் நாட்டுப் பிள்ளைகளே அவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் இன்னும் பின்னால். தாமதத்துக்குக் காரணம் எழுத்து முறை. முத்தியால்பேட்டையில் பிறந்தது காரணமில்லை.

இத்தனைக்கும் பிறகு, பிள்ளையை வாசிக்க இழுத்துப் போவது கதைதான். சுய்ஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது, 1889-இல் தொடங்கியது. ரொமேன் ரொலான் நூலகம் ரங்கப்பிள்ளை வீதியில், 1827-இல் தொடங்கியது. புத்தகத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. 1950-இல் வந்த 'ரூல் கலெத்' என்ற சின்னப் படக்கதை என் திண்ணையில் எப்போதும் கிடக்கும். பரணில் சிதறிய கோதுமையைக் கூட்டிப் பாட்டி சுட்ட ரொட்டி, ஆறவைத்த ஜன்னலிலிருந்து உருண்டு ஓடிப்போகிறது. முயலிடமும் ஓநாயிடமும் கரடியிடமும் தப்பி நரியிடம் மாட்டிக்கொள்கிறது. முதலில் தாய் அந்தக் கதையைத் தமிழில், தன் போக்கில், குரல் மாற்றிச் சொல்லிவிட வேண்டும். படத்தைப் பார்த்தாலே அவளுக்குக் கதை தெரிந்துவிடும். அதன்பிறகு பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் கரடி எப்போது வரும் என்று தெரிந்தே வரியில் அதைத் தேடுகிறது. தேடிக்கொண்டு வாசிப்பது வேறு, எழுத்துக் கூட்டி வாசிப்பது வேறு.

பெரிய பிள்ளைகளுக்கு லா ஃபோந்தேன். பள்ளியில் மனப்பாடம் செய்யச் சொல்லும் கதைப் பாடல்கள் அவருடையவை. முதல் தொகுதி 1668-இல் வந்தது. காக்கை, நரி, பாலாடைக்கட்டி. பாட்டி சுட்ட வடை அங்கே பாலாடைக்கட்டி ஆகிவிட்டது என்றதும் பிள்ளைகளுக்கு ஒரு உரிமை வந்துவிடும். 1678-இல் வந்த அடுத்த தொகுதியின் முன்னுரையில், இவற்றில் பெரும்பகுதிக்குத் தான் 'பில்பாய்' என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். பஞ்சதந்திரக் கதைகள்தான் அரபு, பாரசீகம் வழியாக அந்தப் பெயரோடு ஐரோப்பாவுக்குப் போயிருந்தன. நம் பிள்ளைகள் பிரெஞ்சு இலக்கியத்துக்குள் விருந்தாளியாகத் தயங்கி நுழைய வேண்டியதில்லை என்று இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சமீபத்தில் ஒரு படி மேலே போனோம். 1792-இல் புதுச்சேரிக்கு வந்த பாதிரியார் அபே துய்புவா, பஞ்சதந்திரத்தோடு வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1826-இல் பாரிஸில் வெளியிட்டார். லிசே தொடங்கிய அதே ஆண்டு. அந்தப் பழைய நடை பிள்ளைகளுக்குக் கடினம். ஆகவே குதிரை முட்டை கதையை மட்டும் எளிய பிரெஞ்சில் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் வாசித்தான். குதிரை முட்டை என்று நம்பி வாங்கிய பூசணிக்காய் வழியில் விழுந்து உடைகிறது, சீடர்கள் குட்டியைத் துரத்தி ஓடுகிறார்கள். நன்றாகத்தான் வாசித்தான், எனக்கும் எதுவும் உறுத்தவில்லை. திண்ணை ஓரத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவன் அம்மா, பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாதவள், கதை சொல் என்றாள். சொன்னான். கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "இதுல முயலு எங்கடா? பூசணிக்கா உடைஞ்சதும் புதர்லேர்ந்து ஒரு முயலு ஓடணுமே. அதைத்தான குதிரைக் குட்டின்னு துரத்துவானுங்க?" பையன் நோட்டைப் புரட்டினான். பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு வரியை விட்டிருந்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். முயல் வரும் இடம் வந்ததும் தாயைப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தி வாசித்தான்.